விலைக்கு வந்த உறவு

நமது கல்லூரியின் விழா மலருக்குக் கட்டுரையொன்று தரவேண்டுமென்று மலர்க்குழுவைச் சேர்ந்த அன்பர் ஒருவர் என் இல்லம் தேடி வந்து கேட்டார். பழைய மாணவர்கள் இத்தகைய மலர்களில் என்ன எழுதுவார்கள் என்பதை நான் அறியாதவன் அல்லன். அதிபரின் பிரம்பு, வகுப்பைக் கைவிட்டு மகாவலியில் நீராடி அகப்பட்டுக்கொண்ட கதை, சரஸ்வதி பூசை நாடகத்தில் பெண்வேடம் புனைந்தவன் மீசையை மழிக்க மறந்து மேடையேறிய வேடிக்கை ஆகியவற்றை என்னிலும் சுவைபட எழுத வல்லார் பலர் இருக்கின்றனர். நானும் அப்படியொரு வகுப்பறை நினைவை எழுதவே உட்கார்ந்தேன். அந்த நினைவு என்னை எங்கே இழுத்துச் சென்றது என்பதை வாசகர்கள் பொறுமையோடு கேட்டருள வேண்டும்.

எங்களுக்குச் சைவசமய பாடம் கற்பித்த ஆசிரியர் கதை சொல்வதில் வல்லவர். ஒருநாள் சிபிச் சக்கரவர்த்தியின் கதையைச் சொன்னார். பருந்துக்கு அஞ்சிய புறா அரசனின் மடியில் வந்து விழுகின்றது. என் இரையை என்னிடம் தா என்று பருந்து வழக்காடுகின்றது. புறாவின் நிறைக்கு நிறை தன் தசையை அரிந்து தர அரசன் உடன்படுகின்றான். அரிந்து வைக்க வைக்கப் புறா இருந்த தட்டே தாழ்கின்றது. ஈற்றில் அரசன் தானே தட்டில் ஏறி அமர்கின்றான். கதையை முடித்துவிட்டு ஆசிரியர், “சிபி செய்தது தானமா, வியாபாரமா?” என்று கேட்டார். முன்வாங்கில் இருந்த நான் எழுந்து, “தராசு வந்துவிட்டபடியால் வியாபாரந்தான், ஐயா” என்றேன். வகுப்புச் சிரித்தது. வாங்கின்மேல் ஏறி நிற்கச் சொல்வார் என்று எதிர்பார்த்தேன். அவரோ சற்று நேரம் யோசித்து, “தராசு இருந்தது உண்மை. அதை யார் பிடித்திருந்தார் என்று பார். கொடுப்பவனே பிடித்திருந்தான்” என்று கூறிவிட்டு அடுத்த பாடத்துக்குப் போய்விட்டார்.

அந்த விடை எனக்கு அன்று விளங்கவில்லை. ஐம்பது ஆண்டுகள் கழித்து, 2015ஆம் ஆண்டில், கண்டியில் ஒரு தேநீர்க்கடையின் பின்கட்டில், தராசை வேறொருவர் பிடித்திருக்கக் கண்டேன். அதன் ஒரு தட்டில் என் தம்பி இருந்தான்.

தம்பியும் நம் கல்லூரி மாணவனே. எனக்கு எட்டு வயது இளையவன். ஓடுவதில் கெட்டிக்காரன் என்று அவன் காலத்தவர் சொல்வார்கள். இரத்த அழுத்தம் உடலில் இருந்துகொண்டு ஓசையின்றித் தின்னும் நோய். அதைப் பல ஆண்டுகள் கவனியாதிருந்ததன் பயனாக 2014ஆம் ஆண்டில் அவனுடைய சிறுநீரகங்கள் இரண்டும் பழுதுற்றுவிட்டன. அதன்பின் வாரத்துக்கு இருமுறை கண்டிக்குப் போய், ஒவ்வொரு முறையும் நான்கு மணி நேரம், இரத்தத்தை இயந்திரத்தில் ஓடவிட்டுச் சுத்திகரித்துக்கொள்ள வேண்டியதாயிற்று. கெலிஓயா, பேராதனை வழியாகச் செல்லும் அந்த பஸ் பாதையின் ஒவ்வொரு பள்ளத்தையும் அவனும் நானும் அறிவோம். போகும்போது முகம் வீங்கியிருப்பான். திரும்பும்போது பிழிந்தெடுத்த துணிபோல் என் தோளிற் சாய்ந்திருப்பான்.

அங்கே அயற்கட்டில்களிற் கிடந்தவர்களிற் பலர் எம்மைப்போல் ஊர்ப்புறத்தவர் அல்லர். கிராந்துருக்கோட்டையிலிருந்தும் வடமத்திய மாகாணத்திலிருந்தும் வந்த விவசாயிகள். நீரிழிவும் இல்லை, அழுத்தமும் இல்லை; நெல் விளைவித்தார்கள், சிறுநீரகம் போயிற்று. 1990ஆம் ஆண்டுகளின் நடுப்பகுதியில் வெளிப்பட்ட இந்நோய்க்கு நிலத்தடி நீரையும் கிருமிநாசினிகளையும் வெயிலில் உடல்நீர் வற்றுதலையும் காரணமாகக் கூறினார்களேயன்றி, ஒரு முடிவுக்கு வந்தாரில்லை. என் தம்பியின் பக்கத்துக் கட்டிலில் இருந்த முதியவர் ஒருவர் தமக்கு மாற்றுச் சிறுநீரகம் தேடவில்லை என்றார். ஏனென்று கேட்டதற்கு, வீட்டில் உள்ளவர்களுக்கும் அதே நோய் என்று கையை விரித்தார்.

தம்பிக்கு மாற்றுச் சிறுநீரகம் பொருத்தலாம் என்று வைத்தியர் கூறினார். உயிருடன் உள்ளவர் கொடுக்கும் சிறுநீரகம் பொருந்திவிட்டால் பதினைந்து, இருபது ஆண்டுகள்கூட உழைக்கும் என்றும் நம்பிக்கை ஊட்டினார். கொடுப்பவர் யார் என்பதே வினா. எனக்கு நீரிழிவு. ஆதலால் முதற்பரிசோதனையிலேயே தள்ளிவிட்டார்கள். தம்பியின் மனைவியுடைய இரத்தம் அவனுடைய இரத்தத்துடன் இணங்கவில்லை. எஞ்சியவன் அவனுடைய மூத்த மகன். அப்பொழுது அவனுக்கு இருபத்தொரு வயது. நான் தருகிறேன் என்று பிள்ளை முன்வந்தான். பரிசோதனைக்குப் போகவும் தம்பி இடம் கொடுக்கவில்லை. “இனித்தான் அவன் வாழப்போகிறான், அவனை வெட்டி நான் வாழ்வதா?” என்று ஒரே பிடியாக நின்றான். தாயும் உள்ளூர அதையே விரும்பினாள். நானும் அதைப் பெருந்தன்மை என்றே எண்ணினேன். இதை வாசகர்கள் மனத்திற் கொள்ள வேண்டும். பின்னால் இதற்கு வருவேன்.

இந்த நிலையிலேதான் அந்த மனிதர் எம்மைத் தேடி வந்தார். தரகர் என்று அவர் தம்மைச் சொல்லிக்கொள்ளவில்லை. நோயாளருக்கு உதவி செய்பவர் என்றார். வெள்ளைச் சட்டை, நெற்றியில் திருநீறு, கையில் ஒரு கோப்பு. தேநீர்க்கடையின் பின்கட்டில் அமர்ந்து, வீடு கட்டுபவனுக்கு மரமும் ஓடும் கணக்கிடுவதுபோல, எல்லாவற்றையும் விளக்கினார். அறுவைச் சிகிச்சை கொழும்பில் தனியார் வைத்தியசாலையொன்றில் நடக்கும். வைத்தியசாலைச் செலவு புறம்பாக, “பையனின் காரியத்துக்கு” பதினெட்டு இலட்சம் ரூபா. என்னிடம் ஓய்வுக்காலப் பணம் இருந்தது. போதாததற்கு நாவலப்பிட்டிப் பக்கத்தில் ஒரு துண்டுக் காணியும் இருந்தது. முடியும் என்றேன். அவ்வளவு எளிதாகச் சொன்னேன்.

ஒரு மனிதனின் சிறுநீரகம் அயலான் ஒருவனுக்குச் சரக்காக வந்தது எப்படி என்பதை ஈண்டுச் சிறிது கூறுதல் தகும். 1954ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தில் அமெரிக்காவின் பொஸ்டன் நகரில் ஜோசப் மரே என்னும் சத்திரசிகிச்சை நிபுணர் ஒருவனுடைய சிறுநீரகத்தை அவனுடைய இரட்டைச் சகோதரனுக்குப் பொருத்தி வெற்றி கண்டார். ஒரே கருவிற் பிறந்தவர்களாதலால் உடல் அதை அந்நியமென்று தள்ளவில்லை. அதன்பின் நெடுங்காலம் நெருங்கிய இரத்த உறவினர் கொடுத்தாலன்றி இச்சிகிச்சை பலன் தருதல் அரிதாயிருந்தது. ஆகவே விற்பனைக்கும் இடமில்லை. எவரும் பணம் கொடுத்துத் தமையனை வாங்குவதில்லை அன்றோ! 1980ஆம் ஆண்டுகளில் சைக்கிளோஸ்போரின் என்னும் மருந்து பழக்கத்துக்கு வந்தது. பூஞ்சணம் ஒன்றிலிருந்து எடுக்கப்பட்ட அந்த மருந்து, அந்நிய உறுப்பை உடல் எதிர்ப்பதை அடக்கிற்று. முன்பின் அறியாதவனின் சிறுநீரகமும் இனிப் பொருந்தும் என்றாயிற்று. எத்தனையோ ஆயிரம் உயிர்களைக் காத்த மருந்து அது. அதே மருந்துதான் சந்தையின் கதவையும் திறந்துவிட்டது.

அந்தக் கதவால் முதலில் நுழைந்த நகரங்களுள் சென்னையும் ஒன்று என்பது தமிழராகிய எமக்குப் பெருமை தருவதன்று. அங்கே வில்லிவாக்கத்தில் சிறுநீரகம் விற்றவர்கள் மிகுந்திருந்தமையால் அவ்வூரைக் ‘கிட்னிவாக்கம்’ என்றே பத்திரிகைகள் எழுதின. இந்தியா 1994ஆம் ஆண்டில் சட்டம் இயற்றி விற்பனையைத் தடுத்தது. எனினும் உறவினரல்லாத ஒருவர் அன்பினாலோ பற்றினாலோ கொடுக்க விரும்பினால், குழுவொன்றின் அனுமதியுடன் கொடுக்கலாம் என்று ஒரு வழியை விட்டுவைத்தது. அன்பு என்று எழுதிய இடத்தில் தரகர்கள் குடியேறினார்கள். ஆழிப்பேரலைக்குப் பின் எண்ணூர்ப் பக்கத்து எர்ணாவூரில் குடியேற்றப்பட்ட மீனவப் பெண்கள் சிறுநீரகம் விற்றமை 2007ஆம் ஆண்டில் வெளிவந்தது. 2025ஆம் ஆண்டிலும் நாமக்கல் மாவட்டத்துப் பள்ளிபாளையத்தில் விசைத்தறித் தொழிலாளரிடையே இதே கதை அம்பலமாயிற்று. கடல் வேறு, தறி வேறு, கடன் ஒன்றே.

எமது நாட்டிலும் சட்டம் உண்டு. 1987ஆம் ஆண்டின் 48ஆம் இலக்க மனித இழைய மாற்றுச் சட்டம், உறுப்பை விற்பதையும் வாங்குவதையும் தடைசெய்கின்றது. இதைத் தரகரிடம் சொன்னேன். அவர் புன்னகை செய்தார். “விற்பதென்று யார் சொன்னது? பையன் உங்கள் தமக்கையின் மகன். மாமனுக்காகக் கொடுக்கிறான். ஒரு சத்தியக்கடதாசி முடித்தால் போதும்” என்றார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அந்த இளைஞனைக் கம்பளைக்கு அழைத்து வந்தார். தாயும் உடன் வந்தாள். புசல்லாவைப் பாதையில் மேலே உள்ள ஒரு தோட்டத்தைச் சேர்ந்தவர்கள். பையன் மெலிந்தவன்; எண்ணெய் தடவி வாரிய தலை; புதுச் சட்டையின் மடிப்பு இன்னும் கலையவில்லை. வாசலில் நின்றவன், தரகரின் முகத்தை ஒருமுறை பார்த்துவிட்டு, என்னை நோக்கி, “வணக்கம் மாமா” என்றான்.

அந்தச் சொல்லைத் தரகர் அவனுக்குப் பழக்கியிருந்தார். அதிகாரிகள் திடீரென்று கேட்டால் நா தடுமாறக் கூடாதாம். என் தமக்கைக்கு அவன் பிறந்த ஆண்டு, எங்கள் தந்தையார் பெயர், அவர் மறைந்த நோய், எல்லாவற்றையும் மனனஞ் செய்து வந்திருந்தான். எங்கள் வீட்டுப் பிள்ளைகளுக்குக்கூட அவ்வளவு தெரியாது. அவன் ஒப்புவிக்க ஒப்புவிக்க, தரகர் பாடங் கேட்கும் ஆசிரியர்போல் தலையசைத்துக்கொண்டிருந்தார். உள்ளறையிலிருந்த தம்பியைக் காட்டி, “அவர் யார்?” என்று சோதித்தார். “சின்ன மாமா” என்றான் பையன்.

தாய் நாற்காலியில் அமரவில்லை. சுவரோரமாக நின்றாள். எவ்வளவு சொல்லியும் தேநீரைத் தொடவில்லை. அவளோடு பேசியபோது பையனுக்குக் கிடைக்கவிருப்பது ஐந்து இலட்சம் என்று அறிந்தேன். நான் கொடுக்கவிருந்தது பதினெட்டு. இரண்டு தொகைக்கும் இடையில் இருந்த பதின்மூன்று இலட்சத்தைப் பற்றித் தரகர் என்னிடமும் சொல்லவில்லை, அவளிடமும் சொல்லவில்லை. மகளின் கலியாணத்துக்கும் கணவனின் நோய்க்கும் எடுத்த நுண்கடன். அதை அடைக்க எடுத்த இன்னொரு கடன். வாரந்தோறும் லயத்து வாசலில் வந்து நின்று பணம் கேட்கும் வசூல்காரர்கள். அந்நாளில் தோட்டத்தில் எல்லாப்படியும் கூட்டி நாட்சம்பளம் 620 ரூபா. ஐந்து இலட்சம் என்பது ஏறக்குறைய 800 நாட் கூலி. இதை நான் அவள் முன்னிலையிலேயே மனத்துக்குள் கணக்கிட்டேன். கணக்கில் நான் எப்பொழுதும் கெட்டிக்காரன்.

புறப்படும்போது அவள் ஒரேயொரு கேள்வி கேட்டாள். “ஐயா, கோவிச்சுக்காதீங்க. ஆப்பரேசன் முடிஞ்சா இவன் மலைக்கு வேலைக்குப் போகலாங்களா? உர மூட்டை தூக்கலாங்களா?”

தரகர் முந்திக்கொண்டு, “ஒரு மாதத்தில் ஓடித் திரிவான்” என்றார். நான் வாய் திறக்கவில்லை. என் தம்பி மகனைப் பரிசோதனைக்கே அனுப்ப வேண்டாமென்று நாங்கள் கூடியிருந்து பேசியபோது இதே கேள்வியை அவனுடைய தாய் வைத்தியரிடம் கேட்டிருந்தாள். கொடுத்தவர்களில் அறுவைச் சிகிச்சையால் இறப்பவர் பதினாயிரத்தில் மூவர் அளவினர் என்றும், எஞ்சிய சிறுநீரகம் இருவர் வேலையைச் செய்யும் என்றும், ஆண்டுதோறும் இரத்தமும் சிறுநீரும் சோதித்து அழுத்தத்தைக் கவனித்து வந்தால் அச்சமில்லை என்றும் அவர் கூறியிருந்தார். அவ்வளவு தெளிவாகக் கூறியும் நாங்கள் எங்கள் பிள்ளையை அனுப்பவில்லை. இந்தப் பிள்ளைக்கோ ஆண்டுதோறும் சோதிப்பார் யார்? புசல்லாவை மலையில் உர மூட்டையை இறக்கி வைத்துவிட்டு அவன் எங்கே போவான்?

அன்றிரவு நான் உறங்கவில்லை. வாங்குவதற்குச் சார்பான நியாயங்களையெல்லாம் என் மனம் ஒரு வழக்கறிஞனைப்போல் எடுத்துவைத்தது. அவற்றை இகழ்ந்து பேச நான் விரும்பவில்லை. அவற்றில் உண்மை உண்டு. நோபல் பரிசு பெற்ற பொருளியலறிஞர் கரி பெக்கர், எலியாஸ் என்பவருடன் சேர்ந்து 2007ஆம் ஆண்டில் எழுதிய கட்டுரையில், சிறுநீரகத்துக்கு ஏறக்குறைய 15,000 டொலர் விலை நிர்ணயித்தால் காத்திருந்து இறப்பவர் தொகை பெரிதும் குறையும் என்று கணக்கிட்டார். ஈரானில் 1988ஆம் ஆண்டு முதல் கொடுப்பவருக்குப் பணம் கொடுப்பது சட்டத்தால் ஒழுங்குசெய்யப்பட்டிருக்கின்றது. தடைசெய்தால் வியாபாரம் ஒழிவதில்லை, இருட்டுக்குள் போகின்றது என்பதற்கோ நானே சாட்சியாக இருந்தேன். இவற்றுக்கெல்லாம் மேலாக அந்தப் பையன் சொன்ன ஒரு வார்த்தை. வாசலில் அவனிடம், “இது உன் உடம்பு, யோசித்தாயா?” என்று கேட்டேன். “மலையில ஏறி இறங்கி எங்க அம்மா முதுகு தேஞ்சு போச்சுங்க, மாமா. அதை விக்கக்கூடாதுன்னு யாரும் சட்டம் போடலையே” என்றான்.

இதற்கு நான் இன்றளவும் தக்க விடை கண்டேனில்லை. உழைப்பை இன்று விற்றவன் நாளை நிறுத்தலாம். சிறுநீரகம் திரும்பி வராது என்று ஒரு விடை உண்டு. ஆனால் அவன் தாயின் முதுகும் திரும்பி வராது. தேயிலைக் கணக்கில் அதை எவரும் எழுதுவதில்லை.

பின்னாளில் நான் வாசித்த ஓர் ஆய்வை அன்றிரவே வாசித்திருந்தால் ஒருவேளை என் முடிவு விரைந்திருக்கும். சென்னையில் சிறுநீரகம் விற்ற 305 பேரை 2001ஆம் ஆண்டில் தேடிக் கண்டு விசாரித்தார்கள். அமெரிக்க வைத்தியச் சங்கத்தின் சஞ்சிகையில் அடுத்த ஆண்டு அது வெளிவந்தது. நூற்றுக்கு 96 பேர் கடனை அடைப்பதற்காகவே விற்றார்கள். தருவதாகச் சொன்ன தொகை, கையிற் கொடுத்த தொகையினும் மூன்றிலொரு பங்கு அதிகம். விற்றபின் குடும்ப வருமானம் மூன்றிலொரு பங்கு குறைந்தது. விற்றவர்களில் நான்கில் மூன்று பங்கினர் விசாரித்த காலத்திலும் கடனாளிகளாகவே இருந்தார்கள். நூற்றுக்கு 86 பேர் உடல்நலம் குன்றியதாகக் கூறினார்கள். விற்க நினைக்கும் பிறருக்கு என்ன சொல்வீர்கள் என்று கேட்டபோது 79 பேர் விற்க வேண்டாமென்றே சொல்வோம் என்றார்கள். சந்தையில் பொருளை விற்றவன் பணத்தோடு வீடு திரும்புவான் என்பது பெக்கரின் கணக்கு. வில்லிவாக்கத்துக்காரர்கள் பொருளும் இன்றிப் பணமும் இன்றித் திரும்பினார்கள்.

ஆயினும் அன்று என்னைத் தடுத்தது ஆய்வன்று, அறமும் அன்று. அதை ஒப்புக்கொள்வதற்காகவே இக்கட்டுரையை எழுதுகின்றேன். நான் சமாதான நீதவான். இருபது ஆண்டுகளாக என் முன்றிலில் வந்து நின்று, சொல்வது உண்மையென்று உறுதிகூறிய எத்தனையோ பேரின் கடதாசிகளில் நான் கையொப்பமிட்டு முத்திரை பதித்திருக்கின்றேன். பொய் சொல்கின்றார்கள் என்று சந்தேகம் எழுந்தால் திருப்பி அனுப்பியுமிருக்கின்றேன். தரகர் கொண்டுவந்த சத்தியக்கடதாசியில் அந்தப் பையன் என் தமக்கையின் மகன் என்று தட்டச்சுச் செய்யப்பட்டிருந்தது. என் தமக்கை பிள்ளையின்றி இறந்தவள். பேனாவை எடுத்தேன், கை எழவில்லை. அகப்பட்டால் பட்டமும் மானமும் போகும் என்ற அச்சமும் அதில் இருந்தது. பொய்க் கடதாசி தேவைப்படாமல், கடையில் வாங்குவதுபோல் பற்றுச்சீட்டுடன் வாங்கக் கூடியதாயிருந்தால், நான் வாங்கியிருப்பேன் என்றே அஞ்சுகின்றேன். அந்தச் சத்தியக்கடதாசியால்தான் ‘மாமா’ என்ற சொல் எனக்கு உறைத்தது. மாமன் என்றால் மருமகனின் காதுகுத்துக்கு மடியில் இருத்துபவன். அவன் கடன்பட்டால் அடைப்பவன். நானோ அவனுடைய கடனை ஒரு வசதியாகக் கண்டு அதன் வழியே அவன் விலாவுக்குள் கைவிட இருந்தேன்.

தரகரிடம் முடியாதென்றேன். அவர் கோபிக்கவில்லை. “இவன் இல்லாவிட்டால் இன்னொருவன், நீங்கள் இல்லாவிட்டால் இன்னொருவர்” என்று கோப்பை மூடிக்கொண்டு போனார்.

வீட்டில் மூண்ட நெருப்பை எழுதக் கை கூசுகின்றது. தம்பியின் மனைவி என் முன்னே வந்து நின்று, “உங்கள் கையெழுத்தின் சுத்தத்துக்கு என் தாலிதானா விலை, அத்தான்?” என்று கேட்டாள். அவளுக்கு மறுமொழி சொல்ல என்னால் இயலவில்லை. அவளுடைய சினம் அநியாயம் என்று இன்றும் நான் கூறமாட்டேன். அந்நிய உடலை நாடுபவர் எல்லாரும் பணத்திமிர் கொண்டவர்கள் என்று எழுதுகின்றவர்கள், நான்கு மணி நேரம் இயந்திரத்தின் பக்கத்தில் உட்கார்ந்து தம் உடன்பிறந்தான் முகத்தைப் பார்த்தவர்கள் அல்லர். தம்பி ஒன்றும் பேசவில்லை. சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான். அவன் வாழ விரும்பினான். அது எனக்குத் தெரியும். மூன்று வாரம் கழித்து, பேராதனைப் பாலத்தைக் கடக்கும்போது, பஸ்ஸில் திடீரென்று கேட்டான்:

“அண்ணா, அந்தப் பையனுக்கு என்ன வயது?”

“இருபத்தொன்று.”

“நம் மூத்தவன் வயது” என்றான். கம்பளை வந்து சேரும்வரை வேறொன்றும் பேசவில்லை. அதன்பின் அந்தப் பேச்சை அவனும் எடுக்கவில்லை; வீட்டில் எவரையும் எடுக்கவும் விடவில்லை.

2016ஆம் ஆண்டு ஜனவரி மாதத்தில் பத்திரிகைகளில் பெரிய செய்தி வந்தது. இந்தியாவில் தெலங்கானா மாநிலத்து நல்கொண்டாப் பொலிசார் ஒரு கூட்டத்தைப் பிடித்தபோது, இந்தியாவிலிருந்து ஏழைகளைக் கொழும்புக்குக் கொண்டுவந்து இங்கே சிறுநீரகம் எடுத்த விவரம் வெளிப்பட்டது. எமது சுகாதார அமைச்சு வெளிநாட்டவருக்குச் சிறுநீரகம் பொருத்துவதை உடனடியாக நிறுத்தியது. 2022ஆம் ஆண்டின் இறுதியிலோ கொழும்பு நகரத்து ஏழைகள் பலர், வாக்களித்த பணம் தராமல் தம் சிறுநீரகத்தை எடுத்துவிட்டார்களென்று பொலிசில் முறையிட்டார்கள். நாடு பொருளாதாரத்தில் விழுந்த ஆண்டு அது.

தம்பி 2018ஆம் ஆண்டு ஆவணி மாதத்தில் இறந்தான். தன் கண்களைக் கொடுக்க வேண்டுமென்று முன்பே எழுதி வைத்திருந்தான். எமக்கு அயலில் வாழ்ந்த சிங்கள ஆசிரியர் ஒருவரே அந்த எண்ணத்தை அவனுக்கு ஊட்டியவர். அவர்களுடைய சாதகக் கதையில் சிவி மன்னன் தசையை அன்று, கண்ணையே கொடுத்தான் என்று அவர் சொல்வார். எங்கள் கண்ணப்ப நாயனாரைத் தம்பி அவருக்குச் சொல்வான். ஹட்சன் சில்வா என்பவர் மருத்துவ மாணவராக இருந்தபோதே கண்தானத்தை வலியுறுத்தி எழுதத் தொடங்கி, 1961ஆம் ஆண்டில் இலங்கைக் கண்தானச் சங்கத்தை நிறுவினார். 1964ஆம் ஆண்டில் முதன்முறையாகச் சிங்கப்பூருக்குக் கண்கள் அனுப்பப்பட்டன. அன்று தொட்டுப் பல்லாயிரம் கண்கள் இந்தச் சிறு தீவிலிருந்து உலகின் பல நாடுகளுக்கு விலையின்றிப் போயிருக்கின்றன. அன்றிரவு இரண்டு இளைஞர்கள் குளிர்ப்பெட்டியுடன் வந்தார்கள். கால் மணி நேரம் உள்ளே இருந்தார்கள். எவருக்குப் போகும் என்று நாங்கள் கேட்கவில்லை, அவர்களும் சொல்லவில்லை. தேநீர் குடித்துவிட்டுப் போனார்கள். ஒரே விமான நிலையத்தின் வழியாக இந்நாட்டிலிருந்து கண்கள் தானமாகப் போகின்றன. சிறுநீரகம் வாங்க ஆட்கள் வருகின்றார்கள். இதை எண்ணும்போது எனக்கு எங்கள் சமய பாட ஆசிரியரின் விடை நினைவுக்கு வரும்.

உயிரற்றவரிடம் பெறும் வழி பெருகினால் உயிருள்ள ஏழையிடம் போகும் தேவை குறையும் என்பது உண்மையே. தமிழ்நாட்டில் 2008ஆம் ஆண்டில், விபத்தில் மூளை செயலிழந்த தம் மகனின் உறுப்புகளைத் திருக்கழுக்குன்றத்து வைத்தியத் தம்பதியர் கொடுத்தார்கள்; அவ்வாண்டிலேயே அரசு அதற்கொரு முறையான ஒழுங்கை அமைத்தது. அதன் பிறகும் பள்ளிபாளையம் நிகழ்ந்தது என்பதையும் மறக்கலாகாது.

அடுத்த ஆண்டு தைப்பொங்கலுக்கு முதல்நாள். கம்பளை பஸ் நிலையத்தில் கரும்பும் மஞ்சட்கொத்தும் சாமான் பையுமாக நின்றேன். “மாமா” என்று ஒரு குரல். திரும்பினேன். அவனேதான். முகம் ஊதியிருந்தது. கடையொன்றில் காவலுக்கு நிற்பதாகச் சொன்னான். மலைவேலை இப்பொழுது முடியவில்லையாம். எங்கள் வீட்டிலிருந்து போன இரண்டாம் மாதமே கொழும்புக்குக் கொண்டுபோய் விட்டார்கள். வெளிநாட்டுக்காரர் ஒருவர் என்றார்கள். அவன் அவரைக் காணவில்லை. இரண்டரை இலட்சம் கையிற் கிடைத்தது. மிகுதி அடுத்த மாதம் என்றார்கள். அந்த மனிதரின் தொலைபேசி பிறகு வேலை செய்யவில்லை.

“அங்கே யாரை மாமா என்று அழைத்தாய்?” என்று கேட்க வாயெடுத்தேன், கேட்கவில்லை. அவனே கேட்டான்:

“சின்ன மாமா சுகமா?”

இறந்துவிட்டான் என்றேன். பையன் தலையைக் குனிந்துகொண்டு சற்று நேரம் நின்றான். புசல்லாவை பஸ் வந்து நின்று போய்விட்டது. அதில் அவன் ஏறவில்லை. எங்கள் பக்கத்து பஸ் வந்ததும், வேண்டாம் வேண்டாமென்று நான் தடுக்கத் தடுக்க, இடக்கையை விலாவில் ஊன்றிக்கொண்டு, வலக்கையால் என் பையைத் தூக்கி மேற்றட்டில் வைத்துவிட்டு இறங்கினான்.